பனிப்பாளம் விட்டுப்போன நிலம்: தென் ஒன்ராறியோ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரொறன்ரோவிலும் சுற்றுவட்டாரத்திலும் வீடு வாங்குபவர்கள், தோட்டம் செய்பவர்கள், பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பாடத்துக்கு விடை தேடுபவர்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கேட்டவர்களின் வாய்மொழியிலேயே போட்டிருக்கிறோம். அடிப்படைக் கேள்விகள் முதலில், சிக்கலானவை பிறகு. முன்பே சொன்ன விஷயம் மறுபடி வந்தால் அந்தக் கேள்வியின் எண்ணை மட்டும் குறித்திருக்கிறோம்.

1. இங்க உண்மையிலேயே ஐஸ் மூடிக் கிடந்ததா? எவ்வளவு தடிப்பு?

ஆம். லோறன்ரைட் பனிப்பாளம் என்று அதற்குப் பெயர். ஏறத்தாழ 21,000 ஆண்டுகளுக்கு முன் அது உச்சத்தில் இருந்தது. அப்போது கனடாவின் பெரும்பகுதி அதற்குக் கீழே கிடந்தது. தெற்கே ஒஹாயோ மாநிலம் வரைக்கும், கிழக்கே நியூயோர்க்கின் லோங் ஐலண்ட் வரைக்கும் அதன் விளிம்பு போயிருந்தது. தென் ஒன்ராறியோவில் மூடப்படாத இடம் என்று எதுவும் மிஞ்சவில்லை.

ஹட்சன் விரிகுடாப் பக்கம் தடிப்பு 3 கிலோமீட்டர் அளவுக்கு இருந்தது. ரொறன்ரோவுக்கு மேலே ஒரு கிலோமீட்டருக்கும் கூட. 553 மீட்டர் உயரமான சிஎன் டவர் இரண்டை ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்தினாலும் நுனி வெளியே தெரிந்திருக்காது. ஒரு கிலோமீட்டர் தடிப்புள்ள பனிக்கட்டி ஒவ்வொரு சதுர மீட்டர் நிலத்தையும் சுமார் 900 தொன் பாரத்தோடு அழுத்தும். இந்தப் பாரத்தை நினைவில் வைத்திருங்கள். 15ஆம் கேள்வியில் திரும்ப வருகிறது.

2. குளிர் கூடினதால ஐஸ் வந்ததா? பிறகு எப்ப போனது?

குளிர்காலத்தை விடக் கோடைகாலம்தான் இதில் முக்கியம். பூமியின் சாய்வும் சுற்றுப்பாதையும் பல்லாயிரம் ஆண்டுக் கணக்கில் மெல்ல மாறுகின்றன. அதனால் வட அரைக்கோளக் கோடையில் விழும் வெயில் குறையும் காலங்கள் வருகின்றன. அப்போது குளிர்காலத்தில் விழுந்த பனி கோடையில் முழுவதும் கரையாமல் மிஞ்சும். மிஞ்சியதன்மேல் அடுத்த ஆண்டுப் பனி விழும். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இது நடந்தால் பனிப்பாளம் உருவாகிவிடும்.

ரொறன்ரோ இடத்தை விட்டுப் பனி விலகி ஏறத்தாழ 13,000 ஆண்டுகள் ஆகின்றன. சில பூங்காப் பலகைகளில் 12,000 என்று இருக்கும், சில புத்தகங்களில் 13,500 என்று இருக்கும். பெரும்பாலும் இது முரண்பாடு இல்லை. பழைய கணக்குகள் கதிரியக்கக் கரிமத்தின் ஆண்டுகளை அப்படியே எழுதின. இப்போது அவற்றை நாட்காட்டி ஆண்டுகளாகத் திருத்தி எழுதுகிறார்கள், அதில் எண் ஓராயிரத்துக்கு மேல் கூடிவிடும். பனி முழுவதும் போய்விடவும் இல்லை. பஃபின் தீவில் உள்ள பார்ன்ஸ் பனிக்கவிகை லோறன்ரைட் பனிப்பாளத்தின் மிச்சம்தான்.

3. கட்டி ஐஸ் எப்படி நகரும்? "பின்வாங்கியது" எண்டா திரும்பி நடந்ததா?

சுமார் 50 மீட்டர் தடிப்பைத் தாண்டினால் பனிக்கட்டி தன் பாரத்தாலேயே உள்ளுக்குள் இளகி, மெல்ல ஒழுகத் தொடங்கும். அடியில் உருகிய நீர் இருந்தால் தரையில் வழுக்கியும் போகும். தடித்த மையத்திலிருந்து மெல்லிய விளிம்பை நோக்கித்தான் எப்போதும் ஓட்டம். பின்வாங்கும் காலத்திலும் பனி முன்னோக்கித்தான் நகர்ந்துகொண்டிருந்தது. வந்து சேர்வதை விட விளிம்பில் உருகுவது அதிகமானதால் விளிம்பு மட்டும் வடக்கே போனது.

நிலத்தைப் பொறுத்தவரை அது செய்தது மூன்று வேலை: சுரண்டியது, கொட்டியது, தன் உருகுநீரைத் தானே அணை போட்டுத் தேக்கி வைத்தது. தென் ஒன்ராறியோவில் எந்த இடத்தில் நின்றாலும் இந்த மூன்றில் எது இங்கே நடந்தது என்று கேட்டுப் பாருங்கள், பாதி விளங்கிவிடும்.

4. எங்கட பின்வளவில தோண்டினா இளஞ்சிவப்பு, கறுப்பு, சாம்பல் எண்டு விதவிதமாக் கல்லு வருது. யாரோ கொண்டுவந்து கொட்டினதா?

கொட்டியது பனிப்பாளம். ரொறன்ரோவின் அடிப்பாறை சாம்பல் நிறக் களிப்பாறை, இடையிடையே மெல்லிய சுண்ணாம்புக்கல். இளஞ்சிவப்பும் கறுப்பும் வரிவரியாக உள்ள கல் இந்த ஊருக்குரியது அல்ல. அது வடக்கே முஸ்கோகா, ஹாலிபேர்ட்டன் பக்கத்துக் கனடியக் கேடயப் பாறை, அதாவது கனடாவின் மிகப் பழைய கடினப் பாறைத் தளம். பனி அதைப் பெயர்த்து, 100 கிலோமீட்டருக்கும் மேல் இழுத்து வந்து, உருகும்போது போட்டுவிட்டது.

கல்லோடு வரும் மண்ணையும் பாருங்கள். மாவு போன்ற களி, வண்டல், மணல், கூழாங்கல், தலையளவு கல் எல்லாம் அடுக்கு இல்லாமல் ஒன்றாகக் கலந்திருந்தால் அது பனி நேரே விட்டுப்போன படிவு. டில் என்று சொல்வார்கள். அதிலுள்ள கல்லை எடுத்துக் கழுவிப் பாருங்கள். ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்து, அதில் இணையான கீறல்கள் இருந்தால் பனியின் அடியில் சிக்கி அரைபட்ட கல். மாறாக, மணல் ஒரு அடுக்கு, சரளை ஒரு அடுக்கு என்று பிரிந்து, கற்கள் உருண்டையாக இருந்தால் அதைக் கொண்டுவந்தது உருகுநீர் ஆறு. கல்லைப் பொறுக்கி முடித்த பாத்தியில் அடுத்த வசந்தத்தில் மறுபடி கல் முளைப்பதற்குக் காரணம் வேறு. குளிரில் மண்ணுக்குள் நீர் உறைந்து வீங்கும்போது கல் ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளப்படுகிறது.

5. பெரிய ஏரி ஐஞ்சும் ஐஸ் தோண்டினதுதானே? அப்ப நாங்கள் குடிக்கிறது அந்த ஐஸ் தண்ணியா?

தோண்டியது பனிதான், ஆனால் வெறுந்தரையில் தொடங்கவில்லை. பழைய ஆற்றுப் பள்ளத்தாக்குகளும் மென்மையான பாறைப் பட்டைகளும் ஏற்கெனவே இருந்தன. பல பனியுகங்கள் அவற்றை அகலமாக்கி ஆழமாக்கின. ஒன்ராறியோ ஏரியின் மேற்பரப்பு கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 75 மீட்டரில் இருக்கிறது. அதன் ஆகக்கூடிய ஆழம் 244 மீட்டர். அதாவது ஏரியின் அடி கடல் மட்டத்துக்கும் கீழே 169 மீட்டர். ஓடும் ஆறு கடல் மட்டத்துக்குக் கீழே இப்படிக் குடையாது. பனியால் முடியும்.

தண்ணீர் மட்டும் பழையதில்லை. ஒன்ராறியோ ஏரியின் நீர் முழுவதும் மாறச் சராசரியாக 6 ஆண்டுகள் போதும். சுப்பீரியருக்கு ஏறக்குறைய 190 ஆண்டுகள். பாத்திரம் பனியுகத்தது, நீர் அண்மைக்கால மழையும் பனியும்.

6. ஈரி ஏரி மட்டும் ஏன் இவ்வளவு ஆழம் குறைவு?

அதன் சராசரி ஆழம் 19 மீட்டர், ஆகக்கூடியது 64. சுப்பீரியரில் 406 மீட்டர். காரணம் பாறை. ஈரியின் மேற்குப் பகுதியில் கடினமான சுண்ணாம்பு, டொலமைற் பாறைகள். அங்கே பனியால் ஆழமாகத் தோண்ட முடியவில்லை. கிழக்குப் பகுதியில் மென்மையான களிப்பாறை, ஆகவே ஆழமான இடமும் அங்கேதான். மேற்குப் பகுதியில் ஒஹாயோவைச் சேர்ந்த கெல்லீஸ் தீவில், சுண்ணாம்புப் பாறையில் பனி உழுத பள்ளங்கள் அப்படியே இருக்கின்றன. நீளம் 120 மீட்டர் அளவு, அகலம் 10 மீட்டர், ஆழம் 5 மீட்டர் வரை. தோண்ட முடியாத இடத்திலேயே இந்த வேலை என்றால் மற்ற இடங்களைச் சொல்ல வேண்டியதில்லை.

7. ரொறன்ரோ டவுன்ரவுன் தட்டையா இருக்கு, டேவன்போர்ட் றோட்டுக்குப் பிறகு திடீரெண்டு ஏற்றம். ஏன்?

அந்த ஏற்றம் ஒரு பழைய ஏரிக்கரை. பனி ஒன்ராறியோ ஏரிப் பள்ளத்தை விட்டு விலகியபோது கிழக்கே சென் லோறன்ஸ் பள்ளத்தாக்கை இன்னும் அடைத்துக்கொண்டிருந்தது. நீருக்கு அந்தப் பக்கம் வழியில்லை. அது நியூயோர்க் மாநிலத்தின் றோம் நகருக்கு அருகே வழிந்து, மோஹாக், ஹட்சன் ஆறுகள் வழியாகக் கடலுக்குப் போனது. அப்படித் தேங்கியதே இரோகுவா ஏரி. இன்றைய ஏரியை விடப் பல பத்து மீட்டர் உயரத்தில் நின்ற அந்த ஏரியின் அலைகள் வெட்டிய கரைதான் காசா லோமா மாளிகை நிற்கும் மேடு. அதற்குப் பக்கத்திலுள்ள போல்ட்வின் படிகள் 110. ஒவ்வொரு படியாக ஏறினால் பழைய ஏரியின் அடியிலிருந்து கரைக்கு ஏறுகிறீர்கள்.

டேவன்போர்ட் வீதி மட்டும் நகரின் கட்டம்போட்ட வீதிகளோடு ஒட்டாமல் சரிந்து வளைந்து போவதும் இதனாலேயே. மேட்டின் அடிவாரத்தை ஒட்டிப் பூர்வகுடிகள் நடந்த பாதை பிறகு வீதியானது. மேட்டுக்குக் கீழே ஏரி விட்ட மணலும் வண்டலும், மேலே டில். பேஸ்மென்ற் தோண்டுபவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

8. ஸ்காபரோ ப்ளஃப்ஸை ஐஸ்தான் வெட்டினதா? ஏன் இடிஞ்சு விழுது?

செங்குத்தாக வெட்டியது ஏரி அலை. மண்தான் பனியுகத்தது. ஏரிக்கரையில் நிற்கும் இந்த மண்சுவர் சுமார் 15 கிலோமீட்டர் நீளம், உயரமான இடத்தில் ஏறத்தாழ 90 மீட்டர். அடியிலுள்ள களியும் மணலும், கடைசிப் பனியுகத்தின் தொடக்கத்தில், பனி அடைத்த ஒரு பெரிய ஏரியில் வடக்கிலிருந்து வந்த ஆறு விட்ட கழிமுகப் படிவு. அதற்கு மேலே டில்லும் ஏரிப் படிவுகளும் மாறி மாறி. பாறை என்று அங்கே எதுவும் இல்லை, எல்லாம் மண்.

இடிவதற்கு இரண்டு காரணம் சேர்ந்து வேலை செய்கிறது. கீழே அலை அடிவாரத்தை அரிக்கிறது. மேலே விழும் மழை மணலுக்குள் இறங்கி, களி அடுக்கில் தட்டி, முகப்பில் ஊற்றாகக் கசிகிறது. கசியும் நீர் மணலை இழுத்துக்கொண்டு வர, மேலே இருப்பது ஆதாரம் இல்லாமல் சரிகிறது. மார்ச், ஏப்ரலில் உறைந்தது உருகும்போது இது கூடும். மேல் விளிம்பில் புல் இருக்கிறது என்று நம்பி நிற்காதீர்கள். அந்தப் புல்லுக்குக் கீழே மண் ஏற்கெனவே போயிருக்கலாம், வெறும் வேர்ப்பாய் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். அடியில் போய் அண்ணாந்து படம் எடுப்பதும் அதே அளவு ஆபத்து. பார்க்க விரும்பினால் ப்ளஃபர்ஸ் பார்க் கடற்கரையில் தள்ளி நின்று பாருங்கள், அடுக்குகள் அங்கிருந்தே தெளிவாகத் தெரியும்.

9. ரொறன்ரோ தீவுகளும் அதே மண்தானா?

அதே மண்தான். ப்ளஃப்ஸிலிருந்து விழுந்த மணலை ஏரியின் கரையோர நீரோட்டம் மேற்கே தள்ளி ஒரு நீண்ட மணல்நாக்காகக் குவித்தது. 1858 வரை அது நிலத்தோடு ஒட்டிய தீபகற்பம். அந்த ஆண்டுப் புயலில் கிழக்குப் பக்கம் அறுந்து தீவாகியது. ப்ளஃப்ஸ் அடிவாரத்தில் பாறை அடுக்கி அரிப்பைத் தடுத்த பிறகு தீவுகளுக்குப் புது மணல் வரத்தும் குறைந்துவிட்டது. ஒரு இடத்தில் வீட்டைக் காப்பாற்றினால் இன்னொரு இடத்தில் கடற்கரை மெலிகிறது. லெஸ்லி ஸ்ட்ரீட் ஸ்பிற்றை இதோடு சேர்க்க வேண்டாம். அது மனிதர்கள் கட்டட இடிபாடு கொட்டி உருவாக்கியது.

10. நயாகரா நீர்வீழ்ச்சி, எஸ்கார்ப்மென்ற் ரெண்டும் பனியால வந்ததா?

எஸ்கார்ப்மென்ற் எனப்படும் நீண்ட செங்குத்துப் பாறைச்சரிவு பனியால் வந்ததில்லை. இது மிகப் பரவலான தவறு. கடினமான டொலமைற் பாறை மேலே, மென்மையான களிப்பாறை கீழே. கீழது வேகமாக அரிபட, மேலது தொங்கி உடைந்து, கோடிக்கணக்கான ஆண்டுகளில் அந்தச் செங்குத்து உருவானது. பனி வந்து அதைத் தேய்த்துச் சில இடங்களில் கூர்மையாக்கி, சில இடங்களில் மண்ணால் மூடியது, அவ்வளவுதான்.

நீர்வீழ்ச்சியின் பிறப்பு மட்டும் பனியோடு சம்பந்தப்பட்டது. பனி விலகிய பிறகு ஈரியின் நீர் புதிதாக ஒரு வழி பிடித்து, குயின்ஸ்ரனில் எஸ்கார்ப்மென்ற்றிலிருந்து கீழே விழத் தொடங்கியது. அன்றிலிருந்து பாறையை உடைத்துக்கொண்டு சுமார் 11 கிலோமீட்டர் பின்னுக்கு வந்திருக்கிறது. முன்பு ஆண்டுக்குச் சராசரியாக ஒரு மீட்டர் அளவு. மின்சாரத்துக்கு நீரைத் திருப்பிய பிறகு வேகம் வெகுவாகக் குறைந்துவிட்டது.

வேர்ள்பூல் எனப்படும் சுழியில் ஆறு ஏன் திடீரென்று செங்கோணமாகத் திரும்புகிறது என்றும் கேட்பார்கள். முந்தைய பனியிடைக் காலத்து (இரண்டு பனியுகங்களுக்கு நடுவிலான காலத்து) ஆறு ஒன்று வெட்டிய சென் டேவிட்ஸ் பள்ளத்தாக்கு அங்கே டில்லாலும் மணலாலும் நிரம்பிப் புதைந்து கிடந்தது. பாறையை உடைத்து வந்த நயாகரா அந்த இளகிய நிரப்பில் தட்டியதும் அதைச் சட்டென்று வாரிக்கொண்டு போய்விட்டது. சுழி நிற்கும் குழி அதுதான்.

11. ஓக் றிட்ஜஸ் மொறெய்னில ஏன் வீடு கட்ட விடுறதில்லை? வெறும் மணல் மேடுதானே?

வெறும் மணல் மேடு என்பதே காரணம். மொறெய்ன் என்றால் பனி விட்டுப்போன படிவு மேடு. மேற்கே எஸ்கார்ப்மென்ற்றிலிருந்து கிழக்கே ட்ரென்ற் ஆற்றுப் பக்கம் வரை 160 கிலோமீட்டர் நீளும் மேடு இது. வடக்கே பிரதான பனி, தெற்கே ஒன்ராறியோ ஏரிப் பள்ளத்தில் இருந்த பனி நாக்கு. இரண்டுக்கும் நடுவே திறந்த இடைவெளியில் உருகுநீர் மணலையும் சரளையையும் கொட்டியது. சில இடங்களில் தடிப்பு 150 மீட்டருக்கும் மேல்.

மழை இந்த மணலுக்குள் நேரே இறங்கும். கீழே நெருக்கமான, கிட்டத்தட்ட கொங்கிறீற் போல இறுகிய பழைய டில் அடுக்கு அதைத் தாங்கிக்கொள்ளும். நீர் பக்கவாட்டில் நகர்ந்து சரிவுகளில் ஊற்றாக வெளிவரும். டொன், ஹம்பர், றூஜ் உட்பட 65க்கு மேற்பட்ட ஆறுகளும் ஓடைகளும் இங்கேதான் தொடங்குகின்றன. மழையில்லாத ஓகஸ்ற் மாதத்திலும் அவை ஓடுவது இந்தச் சேமிப்பால். மேலே தார் வீதியும் கூரையும் போட்டால் இரண்டு கெடுதல்: கோடையில் ஓடை வற்றும், மழையில் நகருக்குள் வெள்ளம் வரும். 2001இல் மாகாணச் சட்டமன்றம் இதற்கென்றே ஒரு பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. முற்றிலும் தடை என்று இல்லை. ஏற்கெனவே குடியிருப்பு உள்ள பகுதிகளில் அனுமதி உண்டு, இயற்கை மையப் பகுதிகளில் மிகக் கடுமை. அங்கே காணி வாங்க எண்ணுபவர்கள் விலை பேசுவதற்கு முன் அது எந்த வலயத்தில் வருகிறது என்று நகராட்சியில் கேட்டுவிடுங்கள்.

12. வில்கொக்ஸ் ஏரிக்கு ஆறு ஒண்டும் வந்து விழுறதாத் தெரியேல்லை. தண்ணி எங்கால வருது?

றிச்மண்ட் ஹில்லின் வில்கொக்ஸ் ஏரி, பொண்ட் ஏரி, ஸ்ரோவில் பக்கத்து மஸ்ஸல்மன் ஏரி எல்லாம் ஒரே வகை. உருகும் பனியிலிருந்து பிரிந்த பெரிய பாளம் ஒன்று மொறெய்ன் மணலில் புதைந்தது. மணல் மூடியதால் மெல்லத்தான் உருகியது. உருகி முடிந்ததும் மேலேயிருந்த மண் உள்ளிறங்கிக் குழியானது. கெட்டில் ஏரி என்பார்கள். நீர் பெரும்பாலும் மழையிலிருந்தும் நிலத்தடியிலிருந்தும் வருகிறது. கழுவிக்கொண்டு போகப் பெரிய ஆறு இல்லாததால், கரையிலுள்ள புல்தரை உரம் ஏரியில் சேர்ந்தால் அங்கேயே தங்கிப் பாசி பிடிக்கும்.

13. பீற்றர்பரோ பக்கம் குட்டிக் குட்டி மேடுகள் எல்லாம் ஒரே திசையில படுத்திருக்கு. ஏன்? முஸ்கோகாவில ஏன் வெறும் பாறை?

பீற்றர்பரோவில் நீங்கள் பார்ப்பது ட்ரம்லின்கள். டில்லால் ஆன, நீளவாக்கில் வழித்துவிடப்பட்ட மேடுகள். மொட்டையான செங்குத்துப் பக்கம் பனி வந்த திசையைக் காட்டும், வால் போல மெலியும் பக்கம் போன திசையை. அங்கே பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து தென்மேற்கு. அவை எப்படி உருவாயின என்பதில் அறிஞர்களிடையே சண்டை ஓய்ந்தபாடில்லை. பனியின் அடியில் இளகிய டில் இழுபட்டு உருவானவை என்பவர்கள் ஒரு பக்கம். பனிக்கு அடியில் ஓடிய பெருவெள்ளத்தின் வேலை என்று ஜோன் ஷோ முன்வைத்த கருத்தைப் பிடித்திருப்பவர்கள் இன்னொரு பக்கம். பெரும்பான்மை முதல் கட்சி.

முஸ்கோகாவில் நடந்தது எதிர்மாறு. 3ஆம் பதிலில் சொன்ன மூன்றில் அங்கே சுரண்டல்தான் மேலோங்கியது. இருந்த மண்ணைப் பனி வாரித் தெற்கே கொண்டுபோனது. 1868ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இலவசக் காணி என்று நம்பி அங்கே குடியேறிய விவசாயிகள் பலர் ஒரு சாண் மண்ணுக்குக் கீழே பாறையைக் கண்டு காணியைக் கைவிட்டார்கள். பாறையில் உள்ள கீறல்களைக் கவனியுங்கள். கீறல் கோட்டை மட்டும்தான் காட்டும், எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று சொல்லாது. அதற்குப் பாறைத் திட்டின் வடிவத்தைப் பார்க்க வேண்டும். வழவழப்பாகச் சரிந்த பக்கம் பனி ஏறிய பக்கம், பிய்த்தெடுத்தது போல் உடைந்த பக்கம் அது இறங்கிய பக்கம்.

14. என்ர வீடு களியில இருக்கோ மணல்ல இருக்கோ எண்டு எப்படிக் கண்டுபிடிக்கிறது? பேஸ்மென்ற் ஈரத்துக்கும் இதுக்கும் தொடர்பு இருக்கா?

நிறையவே இருக்கிறது. முதலில் ஒன்ராறியோ புவியியல் அளவைத் துறையின் மேற்பரப்புப் படிவு வரைபடத்தில் உங்கள் இடத்தைப் பாருங்கள், இலவசம். பிறகு கையால் சோதியுங்கள். தோண்டுமுன் நிலத்தடிக் குழாய்களையும் கம்பிகளையும் குறித்துத் தரும் ஒன்ராறியோ வன் கோல் சேவைக்கு அறிவித்து எரிவாயு, மின்கம்பிகள் எங்கே போகின்றன என்று குறித்து வாங்க வேண்டும். அது சட்டம், கட்டணமும் கிடையாது.

30 சென்றிமீட்டர் ஆழம், அதே அகலத்தில் குழி தோண்டி நீர் நிரப்புங்கள். வடிந்ததும் மறுபடி நிரப்பி, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோலால் பாருங்கள். முதல் நிரப்பைக் கணக்கில் எடுக்க வேண்டாம், காய்ந்த மண் அதை உறிஞ்சிவிடும். மணிக்கு 2.5 சென்றிமீட்டருக்குக் குறைந்தால் களி டில், 10க்கு மேல் போனால் மணல். ஒரு பிடி ஈரமண்ணை விரலிடையே அழுத்தி நீட்டினால் களி நாடாவாக நீளும், மணல் உதிரும். மண்ணில் சில சொட்டு வினாகிரி விட்டு நுரைத்தால் பனி அரைத்த சுண்ணாம்புக்கல் உண்டு. அங்கே புளூபெரி நட்டால் இலை மஞ்சளாகும். தரை மண்ணோடு மல்லுக்கட்டாமல் தொட்டியில் வையுங்கள்.

களி டில்லில் கட்டிய வீட்டைச் சுற்றி, அத்திவாரத்துக்காகத் தோண்டித் திரும்ப நிரப்பிய மண் இளகலாக இருக்கும். கூரை நீர் அந்த இளகல் வழியே இறங்கி, வெளியே போக முடியாமல் சுவரை ஒட்டித் தேங்கும். ஆகவே சம்ப் பம்ப் (பேஸ்மென்ற் நீரை வெளியே இறைக்கும் பம்ப்) வாங்குமுன் பீலி நீரைச் சுவரிலிருந்து 2 மீட்டராவது தள்ளி விடுங்கள், மண் வீட்டிலிருந்து வெளிப்பக்கம் சரிகிறதா என்று பாருங்கள். பாதிப் பிரச்சினை இதோடு தீரும். புதுக் குடியிருப்புகளில் புல்தரை ஏன் பிடிப்பதில்லை என்பதும் இதோடு சேர்ந்தது. மேல்மண்ணை வாரிவிட்டு, இயந்திரங்கள் மிதித்து இறுக்கிய டில்லின்மேல் மெல்லிய மண் விரித்துப் புல்லை ஒட்டியிருப்பார்கள்.

15. ஐஸ் போய் இவ்வளவு காலம் ஆகியும் நிலம் இன்னும் எழும்புதாமே?

உண்மை. 1ஆம் பதிலில் சொன்ன பாரம் பூமியின் மேலோட்டைக் கீழே அமிழ்த்தியது. அடியிலுள்ள பாறை மிகமிக மெல்ல இளகி ஒதுங்கியது. பாரம் போனதும் அது திரும்பி வருகிறது, அதே மெத்தனத்தோடு. ஹட்சன் விரிகுடாப் பகுதி இன்றும் ஆண்டுக்கு ஒரு சென்றிமீட்டருக்கு மேல் எழுகிறது. தெற்கே வரவரக் குறைந்து, பெரிய ஏரிகளின் பகுதியில் எழும் நிலமும் தாழும் நிலமும் பிரிகின்றன. மனிதக் கண்ணுக்குத் தெரியாது. ஏரி நீர்மட்ட அளவைகளில் தெரியும்.

16. ஒட்டாவாப் பக்கம் நிலம் திடீரெண்டு தண்ணி மாதிரி ஓடிச்சாம். ரொறன்ரோவிலயும் நடக்குமா?

அந்த வகையில் ரொறன்ரோவில் நடக்காது. அமிழ்ந்து கிடந்த ஒட்டாவா, சென் லோறன்ஸ் பள்ளத்தாக்குகளுக்குள் பனி விலகியதும் அத்திலாந்திக் கடல் புகுந்தது. அதுவே சம்ப்ளேன் கடல். இன்று கடலே இல்லாத வெர்மொன்ற் மாநிலத்தில் 1849இல் ரயில் பாதைக்குத் தோண்டியபோது திமிங்கில எலும்புக்கூடு கிடைத்தது இதனால்தான். அந்த உப்புநீரில் பனி அரைத்த பாறைமாவு சீட்டுக்கட்டு வீடு போலத் தாறுமாறாகப் படிந்தது. பிடித்து வைத்திருந்த உப்பை நன்னீர் பிறகு கழுவிவிட்டது. லீடா களி எனப்படும் இது பார்க்க உறுதியாக இருக்கும். ஆற்றங்கரை அரிப்போ அதிர்வோ அந்த அமைப்பைக் குலைத்தால் கூழாகி ஓடும்.

1971இல் கியூபெக்கின் சென்-ஜோன்-வியனியில் இதே மாதிரிக் கடற்களி ஓடி 31 பேர் இறந்தார்கள். ஒன்ராறியோவின் லெமியூ கிராமத்தில் மண்ணைச் சோதித்து, ஆபத்து என்று கண்டு, மக்களை முன்கூட்டியே வேறிடம் மாற்றினார்கள். 1993 யூனில் அதன் பக்கத்தில் சுமார் 17 ஹெக்ரேயர் நிலம் ஆற்றுக்குள் போனது. சோதனை ஆட்களைக் காப்பாற்றியது. ஒட்டாவாவின் கிழக்கே ஆற்றோரம் வீடு பார்ப்பவர்கள் சரிவு உறுதி பற்றிய பொறியியல் அறிக்கையைக் கேட்டு வாங்குவது அவசியம்.

17. ஒரே ஒரு தடவைதான் பனி வந்ததா? எப்படித் தெரியும்?

பல தடவை. கடந்த 26 லட்சம் ஆண்டுகளில் பனி வந்து வந்து போயிருக்கிறது. ஒவ்வொரு முறையும் முந்தையதன் தடயத்தை அழித்துவிடுவதால் சான்று கிடைப்பது அரிது. அந்த அரிய இடம் ரொறன்ரோ நகருக்குள்ளேயே இருக்கிறது. டொன் பள்ளத்தாக்கு பிறிக் வேர்க்ஸ். செங்கல்லுக்குக் களி வெட்டிய குழியின் வடக்குச் சுவரில், அடியில் களிப்பாறை, அதன்மேல் பழைய பனியுகத்தின் டில், அதன்மேல் டொன் படுகைகள், பிறகு கடைசிப் பனியுகப் படிவுகள்.

டொன் படுகைகள் சுமார் 1,20,000 ஆண்டுகளுக்கு முந்தியவை. அன்று இந்த இடம் இன்றையதை விட 2 முதல் 3 பாகை வெப்பமாக இருந்தது. ஆர்தர் கோல்மன் என்ற புவியியலாளர் அங்கே எடுத்த இலைகளும் மரத்துண்டுகளும் தெற்கத்திய மரங்களுடையவை. இரண்டு பனிப் படிவுகளுக்கு நடுவே வெப்பக் காட்டின் மிச்சம் இருப்பதை விடத் தெளிவான சான்று வேண்டுமா?

18. கனடா ஐஸுக்கும் தமிழ்நாட்டுக்கோ இலங்கைக்கோ ஏதாவது சம்பந்தம் இருக்கா சார்?

கடல் வழியாக உண்டு. அவ்வளவு நீர் பனியாக நிலத்தில் கிடந்தபோது உலகக் கடல் மட்டம் இன்றைக்கு விட சுமார் 120 மீட்டர் கீழே இருந்தது. அந்தப் பனியில் பெரும்பங்கு லோறன்ரைட்டினுடையது. ஆழம் குறைந்த பாக்கு நீரிணை அன்று தரை. தமிழ்நாட்டிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நடந்து போகலாம். பனி உருக உருகக் கடல் ஏறி அதை மூடியது.

தமிழ்நாட்டுச் சமவெளியை அந்தப் பனியுகத்தில் பனி மூடவில்லை. இந்தியத் துணைக்கண்டத்தில் பனி மூடிய பழைய சான்று வேண்டுமென்றால் ஒடிசாவின் தால்சேர் பாறைப்படுகைகளைப் பாருங்கள். அவை ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முந்தியவை. இந்தியா அப்போது தென்துருவத்துக்குப் பக்கத்துக் கண்டமொன்றின் பகுதியாக இருந்தது.

19. இரோகுவா ஏரியின்ர பழைய கரை ஹமில்ரனை விடக் கிழக்கே போகப் போக உயரமா இருக்கு. ஏரிக்கரை ஒரே மட்டத்திலதானே இருக்க வேணும்?

உருவானபோது ஒரே மட்டத்தில்தான் இருந்தது. பிறகு நிலம் சாய்ந்தது. பனி வடகிழக்கே தடிப்பாகவும் நீண்ட காலமும் கிடந்ததால் அந்தப் பக்கம் அதிகம் அமிழ்ந்தது, ஆகவே அதிகம் எழுந்தது (15ஆம் பதில்). பழைய கரைகளின் சாய்வை அளந்தே எவ்வளவு எழுந்தது என்று கணக்கிடுகிறார்கள்.

20. அப்ப றூஜ் ஆறு ஏரியில சேருற இடம் ஏன் சதுப்பா அகண்டு கிடக்கு? ஆறு வெட்டின பள்ளம் ஏரி மட்டத்துக்குக் கீழயும் போகுதாமே?

இதற்கு முந்தைய பல பதில்களையும் சேர்க்க வேண்டும். சென் லோறன்ஸை அடைத்த பனி விலகியதும் இரோகுவா ஏரி வடிந்தது. ஏரி நீர் வெளியேறும் கிங்ஸ்ரன் பக்கத்து வாசல் அப்போது மிகவும் அமிழ்ந்து கிடந்ததால் நீர்மட்டம் இன்றையதை விடவும் வெகு கீழே போனது. கரை இன்றைய ரொறன்ரோ கரையிலிருந்து பல கிலோமீட்டர் ஏரிக்குள்ளே தள்ளி இருந்தது. டொன், ஹம்பர், றூஜ் ஆறுகள் அந்தத் தாழ்ந்த ஏரியை எட்டுவதற்காக டில்லை ஆழமாக வெட்டின. நகரின் செங்குத்தான ஆற்றுப் பள்ளத்தாக்குகள் இப்படி வந்தவை. 1954 ஒக்ரோபரில் ஹேசல் புயல் மழை ஹம்பர் பள்ளத்தாக்குக்குள் பாய்ந்து உயிர்களை வாரிய பிறகே அங்கே வீடு கட்டுவது நின்றது.

பிறகு கிங்ஸ்ரன் வாசல் எழ எழ, சாய்த்துப் பிடித்த தட்டில் போல நீர் மேற்குப் பக்கமாக ஏறியது. ஆறுகள் வெட்டி வைத்த வாய்ப்பகுதிகள் மூழ்கி, வண்டல் நிரம்பிச் சதுப்பாயின. றூஜ் சதுப்பு, பிக்கரிங்கின் ஃப்றென்ச்மன்ஸ் பே, ஹமில்ரனின் கூட்ஸ் பரடைஸ் மூன்றும் இந்தக் கணக்கில் வருபவை. ஆற்றுவாயில் பாலத் தூண் இறக்கும் பொறியியலாளர்கள் உறுதியான டில்லைத் தொட ஏரி மட்டத்துக்குக் கீழேயும் பல மீட்டர் இளகிய வண்டலைத் தாண்டத் தயாராக இருக்க வேண்டும்.